28 பிளவுஸ் விலையில் ஒரு லப்டொப்: எப்போது மாற்றுவது, எப்போது விடுவது?



இந்தக் கிழமை எபிசோடை ஒரு கேள்வியோடு முடித்திருந்தேன். ஒரு கொம்பியூட்டரை எத்தனை வருடத்துக்கு ஒருதடவை மாற்ற வேண்டும்? மூன்று என்று சிலர் எழுதினீர்கள், ஐந்து என்று சிலர், "உடையும் வரைக்கும்" என்று ஒருவர். பதில் இந்த மடலில். எண்கள் கொஞ்சம் வருகிறபடியால் காதால் கேட்பதை விட வாசிப்பது சுகம்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை.

அம்மா ஸ்காபரோவில் வீட்டிலிருந்தே சாறி பிளவுஸ் தைக்கிறா. அவவின் தொழில் முழுக்க 2016-இல் வாங்கிய ஒரு லப்டொப்பில்தான் இருக்கிறது. 380 பேரின் அளவுகள் ஒரு எக்செல் கோப்பில், தைத்துக் கொடுத்தவற்றின் படங்கள், வரிக் கணக்கு எல்லாம் அதில்தான். போன வருடம் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை போனபோது மேசையில் ஒரு கடித உறை இருந்தது. உள்ளே 1,120 டொலர்.

"தம்பி, கடைப் பெடியன் சொன்னவன், ஒரு லப்டொப்புக்கு அஞ்சு வருஷம்தானாம் ஆயுள். இதுக்கு ஒன்பது வருஷமாச்சு. ஒக்டோபரோட விண்டோஸும் நிக்கப்போகுதாம். புதுசு ஒண்டு பாத்து எடுத்துத் தா."

அம்மா ஒரு பிளவுஸுக்கு 40 டொலர் வாங்குகிறா. அப்படியென்றால் அந்த உறைக்குள் இருந்தது 28 பிளவுஸ். இரவு பதினொரு மணி வரைக்கும் இருந்து தைத்த 28 பிளவுஸ்.

"சரி அம்மா, இதில இப்ப என்ன பிரச்சினை?"

"ஒன் பண்ணிப்போட்டுப் போய்த் தேத்தண்ணி போட்டுக் குடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கொண்டுதான் நிக்கும். நான் பழகிட்டன்."

நேரம் பிடித்துப் பார்த்தேன். பட்டனை அழுத்தியதில் இருந்து எக்செல் கோப்பு திறக்கும் வரைக்கும் 6 நிமிடம் 20 செக்கன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் 2019-இல் ஒரு லப்டொப் வாங்கினேன். 2022-இல் அதை மாற்றி இன்னொன்று வாங்கினேன். முதலாவதில் ஒரு குறையும் இருக்கவில்லை. புது மொடல் வந்தது, அவ்வளவுதான். அந்த வருடங்கள் முழுக்க அம்மா ஒவ்வொரு பின்னேரமும் அந்தச் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறா. கிழமைக்கு ஒருதடவை மைக் முன்னால் இருந்து தொழில்நுட்பம் கதைக்கிற நான், ஒருநாளும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

அன்றைக்குப் பார்த்தேன். அப்போது படித்ததுதான் இந்தப் பாடம்.

இந்த "மூன்று வருடம், ஐந்து வருடம்" எங்கிருந்து வந்தது?

ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. பின்னாளில் இன்ரெல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான கோர்டன் மூர், ஒரு சிப்பில் வைக்கக்கூடிய உறுப்புகளின் எண்ணிக்கை வருடத்துக்கு இருமடங்காகிறது என்று 1965-இல் எழுதினார். 1975-இல் அதை இரண்டு வருடத்துக்கு இருமடங்கு என்று திருத்தினார். 1990-களில் அந்த வளர்ச்சி நேரடியாக வேகமாகவே தெரிந்தது. 1993-இல் வந்த முதல் பென்டியம் 66 மெகாஹேர்ட்ஸ். 2000-இல் வந்த பென்டியம் 4 ஆயிரத்து ஐந்நூறு மெகாஹேர்ட்ஸ். ஏழு வருடத்தில் இருபது மடங்குக்கு மேல். விண்டோஸ் 95-க்கு 4 மெகாபைட் ராம் போதும் என்றார்கள். ஆறு வருடம் கழித்து வந்த எக்ஸ்பி குறைந்தது 64 கேட்டது. எங்கள் அப்பா, மாமாமார் கனடாவுக்கு வந்து முதல் கொம்பியூட்டர் வாங்கிய காலம் அது. மூன்று வருடத்தில் பழசாகிவிடும் என்று அவர்கள் நம்புவதில் பிழை இல்லை. அவர்கள் கண்ணால் கண்டது.

பிறகு அது நின்றுவிட்டது. 2004-இல் பென்டியம் 4 3.8 கிகாஹேர்ட்ஸைத் தொட்டது. அதற்கு மேலே போனால் வரும் சூட்டைத் தணிக்க முடியவில்லை. அதனால் ஒரே சிப்பில் இரண்டு, நாலு, எட்டு கோர்கள் என்று வேறு பாதையில் போனார்கள். சிப்கள் தொடர்ந்து நல்லாகத்தான் வருகின்றன, ஆனால் அந்த இருபது மடங்குப் பாய்ச்சல் திரும்ப வரவில்லை. இதையும் பாருங்கோ: 2009-இல் வந்த விண்டோஸ் 7-இன் 64-பிட் பதிப்பு கேட்ட குறைந்தபட்ச ராம் 2 கிகாபைட். 2015-இல் வந்த விண்டோஸ் 10 கேட்டதும் அதே 2 கிகாபைட்தான்.

இரண்டாவது காரணம் அலுவலகக் கணக்கு. கொம்பனிகள் மூன்று வருட வொறன்ரியோடு வாங்கும், அது முடிந்ததும் மாற்றும். கனடாவின் வரி விதிகளில் கொம்பியூட்டர் 50-ஆம் வகுப்பில் வருகிறது. மீதிப் பெறுமதியில் வருடத்துக்கு 55 சதவீதம் தேய்மானமாகக் கழிக்கலாம். அப்படியே கழித்துக்கொண்டு போனால் 1,000 டொலர் லப்டொப் மூன்று வருடத்தில் கடதாசியில் 91 டொலர் ஆகிவிடும். அது கணக்காளரின் எண். மேசையில் இருக்கிற மெஷினுக்கு அது தெரியாது.

ஆகவே "எத்தனை வருடம்?" என்று கேட்பதை விட்டுவிட்டு நாலு கேள்வி கேளுங்கோ.

கேள்வி 1: எந்தப் பாகம் மெதுவாக இருக்கிறது?

விண்டோஸில் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். மக்கில் அதற்குப் பெயர் அக்டிவிட்டி மொனிட்டர். டாஸ்க் மனேஜரில் மூன்று எண்களைப் பாருங்கோ: சிபியு, மெமறி, டிஸ்க்.

அம்மாவின் லப்டொப்பில் சிபியு 12 சதவீதம். மெமறி 88. டிஸ்க் 100, அசையாமல் 100.

அதாவது மூளை சும்மா இருக்கிறது. சாமான் எடுத்துவரப் போனவர் திரும்பி வரவில்லை.

பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றுகிறது. ஒரு சின்னக் கை அங்குமிங்கும் போய்த் தேடுகிறது. ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லிசெக்கனுக்கு மேல் எடுக்கும். ஒரு செக்கனில் நூறு தேடல் செய்தாலே பெரிய விஷயம். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்கும். எஸ்எஸ்டியில் சுற்றுகிற தட்டும் இல்லை, ஓடுகிற கையும் இல்லை. அதே தேடல் மில்லிசெக்கனில் பத்தில் ஒரு பங்கு அளவில் முடிந்துவிடும்.

ராம் வேறு 4 கிகாபைட்தான். அது நிரம்பினால் மிஞ்சியதை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி வைக்கும். ஏற்கெனவே மூச்சு வாங்குகிற டிஸ்க்குக்கு இன்னொரு சுமை.

இரண்டு பாகங்கள்தான் பிரச்சினை. இரண்டுமே கழற்றி மாற்றக்கூடியவை.

கேள்வி 2: எது பழுதாகிக்கொண்டு வருகிறது?

மெதுவாக இருப்பதும் பழுதாவதும் வேறு வேறு. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்ட கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. போட்டுப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. டிஸ்க்கில் சில இடங்கள் ஏற்கெனவே செத்துவிட்டன, அங்கே இருந்ததை வேறு இடத்துக்கு மாற்றிச் சமாளித்துக்கொண்டு ஓடுகிறது.

எனக்கு உண்மையாகவே கை நடுங்கியது. 380 பேரின் அளவுகளுக்கு வேறு பிரதி கிடையாது. "கிளவுடில இருக்குத்தானே?" என்று கேட்டேன். "அது காசு கேட்டது, நான் நிப்பாட்டிட்டன்" என்றா அம்மா. வேறு எதையும் தொடாமல், முதலில் அந்தக் கோப்பையும் படங்களையும் ஒரு யூஎஸ்பி குச்சியில் எடுத்தேன். பிறகு என் கிளவுட் கணக்கிலும் ஒரு பிரதி. இந்தப் பாடத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைப்பதென்றால் இதை வையுங்கோ: லப்டொப் மாற்றுவது ஆறுதலாகச் செய்யலாம், பிரதி எடுப்பது இன்றைக்கே.

பற்றரியும் இப்படித்தான். காலத்தோடு அதன் கொள்ளளவு குறையும், அது இயற்கை. மக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் பற்றரி நிலையைப் பார்க்கலாம். விண்டோஸில் பற்றரி ரிப்போர்ட் எடுத்தால், புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்ளும் என்று இரண்டு எண்ணும் வரும். அம்மாவின் பற்றரி பாதிக்கும் கீழே. ஆனால் லப்டொப் எப்போதும் தையல் மேசையில் வயரோடுதான் இருக்கும், அதனால் விட்டுவிட்டோம். வீங்கியிருந்தால் மட்டும் விடக் கூடாது. மூடி சரியாகப் பொருந்தாமல் தூக்கிக்கொண்டு நின்றால் உடனே நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டு போங்கோ.

கேள்வி 3: பாதுகாப்பு அப்டேட் எப்போது நிற்கும்?

கடைப் பெடியன் சொன்னதில் பாதி உண்மை. விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதி முடிந்துவிட்டது. அன்றைக்கு மெஷின் ஓடாமல் நிற்கவில்லை. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கிறதுதான் நின்றது. பாங்க் கணக்கும் வரிக் கணக்கும் பார்க்கிற ஒருவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

விண்டோஸ் 11-க்குப் போகலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், ப்ரொசசர் இன்ரெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். அம்மாவினுடையது ஆறாம் தலைமுறை. குறுக்கு வழியில் போடலாம். அம்மாவின் தொழிலை வைத்து அந்த விளையாட்டு விளையாட எனக்கு விருப்பம் இல்லை.

கடையில் சொல்லாத பாதி இது: வீட்டுப் பாவனையாளர்களுக்கு மைக்ரோசொஃப்ட் 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்திருக்கிறது. மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸைப் பிரதி எடுக்க விட்டால் காசு இல்லை. இல்லாவிட்டால் 30 அமெரிக்க டொலர், அல்லது அவர்களின் 1,000 ரிவோர்ட்ஸ் புள்ளி. நோர்வே, ஜெர்மனி, பிரான்ஸ் போல ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருக்கிறவர்களுக்குப் பிரதி எடுக்கிற நிபந்தனையும் இல்லை. சுவிஸும் பிரித்தானியாவும் அந்தப் பகுதிக்குள் வராது, கவனம்.

மக் வைத்திருக்கிறவர்களுக்கு: 2025-இல் வந்த மக்ஓஎஸ் 26-தான் இன்ரெல் மக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று அப்பிள் சொல்லிவிட்டது. குரோம்புக் என்றால் 10 வருட அப்டேட் என்று கூகிள் 2023-இல் அறிவித்தது. பழைய குரோம்புக் வாங்க முதல் அதன் கடைசித் திகதியைப் பாருங்கோ. எந்தக் கொம்பியூட்டருக்கும் உண்மையான "காலாவதித் திகதி" என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

கேள்வி 4: உங்கள் வேலை மாறிவிட்டதா?

என் மச்சாள் ஒருத்தி கல்லூரியில் அனிமேஷன் படிக்கிறாள். மூன்று வருடம்கூட ஆகாத லப்டொப்பை மாற்றினாள். தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாமல் அவளின் 3டி காட்சிகள் இரவு முழுக்க ஓடிக்கொண்டிருந்தன. அவள் செய்தது சரி. மெஷின் பழசாகவில்லை, வேலை வளர்ந்துவிட்டது.

என் 2022 லப்டொப் வேறு பாடம். வடிவான, மெல்லிய லப்டொப். ராம் 8 கிகாபைட், போர்ட்டோடு ஒட்டியே வருகிறது. இப்போது போதவில்லை, கூட்டவும் வழி இல்லை. அம்மாவின் தடித்த பழைய லப்டொப்பில் இரண்டு ஸ்குரூ கழற்றினால் ராம் மாற்றலாம். வாங்கும்போதே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்: ராமையும் டிஸ்க்கையும் பிறகு மாற்றலாமா? முடியாது என்றால் முதலே கூடுதலாகப் போட்டு வாங்குங்கோ.

கணக்கு: விலையை வருடத்தால் வகு

லப்டொப்பின் விலையைப் பார்க்காதீர்கள். அது இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்று பார்த்து, அதனால் வகுத்துப் பாருங்கோ. ஸ்காபரோவில் நாங்கள் பார்த்த விலைகளை வைத்து நான் போட்ட கணக்கு:

- மலிவான புது லப்டொப், 600 டொலர், 3 வருடம்: வருடத்துக்கு 200
- நல்ல புது லப்டொப், 1,120 டொலர், 7 வருடம்: வருடத்துக்கு 160
- அலுவலகம் பாவித்துக் கழித்து, திருத்தி விற்கிற லப்டொப், 400 டொலர், 4 வருடம்: வருடத்துக்கு 100
- அம்மாவின் பழையதற்குப் புதுப் பாகங்கள், 100 டொலர், 1 வருடம்: வருடத்துக்கு 100

மலிவானதுதான் கடைசியில் விலை கூடியது. கடைசி இரண்டும் சமம் என்பதையும் கவனியுங்கோ. பழையதைத் திருத்துவதுதான் எப்போதும் புத்திசாலித்தனம் என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஒரு வருடம். அவசரப்படாமல் யோசிக்க ஒரு வருடம்.

500 கிகாபைட் எஸ்எஸ்டி 55 டொலர், 8 கிகாபைட் ராம் 30, பழைய டிஸ்க்கை வெளியில் இருந்து வாசிக்க ஒரு யூஎஸ்பி வயர் 15. மொத்தம் 100. இரண்டரை பிளவுஸ். ஒன்று சொல்ல வேண்டும்: நான் வாங்கிய பிறகு, 2025 கடைசியில் இருந்து ராம் விலை நன்றாக ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமறியை அள்ளுவது அதற்கு ஒரு பெரிய காரணம். நீங்கள் செய்ய முதல் இன்றைய விலையைப் பார்த்துக் கணக்குப் போடுங்கோ.

பழையது எங்கே போகிறது?

2022-இல் உலகம் எறிந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி தொன் என்று ஐநாவின் அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம்தான். ஒரு லப்டொப் தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரிமத்தில் பெரும்பகுதி, அது உங்கள் கைக்கு வர முதலே, செய்யப்படும்போதே வெளியாகிவிடுகிறது. ஆகவே கூடுதல் காலம் பாவிப்பதுதான் பெரிய மிச்சம்.

இன்னொன்று எங்கள் ஆட்களுக்கு. "பழசு தானே, ஊருக்கு அனுப்புவம்" என்பது எங்கள் எல்லா வீட்டிலும் இருக்கிற பழக்கம். நல்ல மனசுதான். ஆனால் அப்டேட் நின்ற, பற்றரி செத்த, ஆறு நிமிடம் சுற்றுகிற லப்டொப் யாழ்ப்பாணத்தில் படிக்கிற பிள்ளைக்கும் ஆறு நிமிடம்தான் சுற்றும். அனுப்புவதென்றால் எஸ்எஸ்டி போட்டு, உங்கள் தரவுகளை முழுக்க அழித்து, லினக்ஸ் மின்ட் போல இன்னும் அப்டேட் வருகிற ஒன்றைப் போட்டு, நீங்களே ஒரு கிழமை பாவித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கோ. அதற்கும் லாயக்கில்லை என்றால், ரொறன்ரோவில் மாநகராட்சியின் சேகரிப்பு நிலையங்களில் காசில்லாமல் கொடுக்கலாம்.

பிறகு என்ன நடந்தது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனது. புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10-ஐ மறுபடி போட்டு, கோப்புகளைத் திருப்பி வைத்து, ஒரு வருட நீட்டிப்பிலும் பதிந்தேன். அம்மா பட்டனை அழுத்தினா. வழக்கம்போலத் தேத்தண்ணி போட எழும்பினா. நான் "இருங்கோ அம்மா" என்றேன். 40 செக்கனில் எக்செல் வந்துவிட்டது.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டா: "இது முந்தியே செய்திருக்கலாமோ?"

"ஓம் அம்மா. செய்திருக்கலாம்."

அதற்கு மேல் அவ ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பதில் இல்லை.

உறையில் மிச்சம் 1,020 டொலர். அதில் 350-க்கு அம்மா ஓவர்லொக் மெஷின் ஒன்று வாங்கினா. கன நாளாக ஆசைப்பட்டது, லப்டொப்புக்காகத் தள்ளிப்போட்டது. துணி ஓரம் அடிக்கிற வேலை இப்போது பாதி நேரத்தில் முடிகிறதாம். 400 டொலரைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். இந்த ஒக்டோபருக்கு முதல், எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட, அலுவலகம் கழித்த லப்டொப் ஒன்று பார்ப்போம். அப்போது இந்த எஸ்எஸ்டி வீணாகாது. அதே 15 டொலர் வயரோடு அம்மாவின் பிரதி எடுக்கிற டிஸ்க்காக மாறும்.

இந்தக் கிழமை வீட்டுப்பாடம்

உங்களுடையதை விடுங்கோ. அம்மா அல்லது அப்பாவின் கொம்பியூட்டருக்கு முன்னால் போய் இருங்கோ. தொடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கோ. அந்த மூன்று கீகளையும் அழுத்தி, மூன்று எண்களையும் எழுதுங்கோ. முக்கியமான கோப்புகளுக்கு இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது என்று கேளுங்கோ. அப்டேட் எப்போது நிற்கும் என்று தேடிப் பாருங்கோ. பதினைந்து நிமிட வேலை.

எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கோ, அடுத்த எபிசோடில் சேர்ந்து பார்ப்போம். அவர்கள் "நான் பழகிட்டன்" என்று சொன்னால் அதையும் எழுதுங்கோ.

அடுத்த கிழமை சந்திப்போம்.